பாட்டுப் பயிற்சியால் பேச்சுக்குரல் கோளாறு சரியாகுமா? நான் எதுவரை செய்யலாம்?

பாட்டு டீச்சர்:

வணக்கம். நான் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுப்பவள். என்னிடம் பாட வருகிற ஒரு அக்கா பள்ளி ஆசிரியை. காலையில் அவர் குரல் நன்றாகவே இருக்கும். மதியத்துக்குள் கரகரக்க ஆரம்பித்துவிடும். மாலையில் பாதி எழுத்துகள் வெறும் காற்றாகத்தான் வரும். தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல ஓயாமல் செருமுவார். காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு குரல் நாண்களிலும் சின்ன முடிச்சு தொடங்கியிருக்கிறது, தொண்டைத் தசைகளும் இறுகியிருக்கின்றன, இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம், குரல் பயிற்சி எடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஸ்பீச் தெரபிஸ்டைப் பார்க்க நேரமும் வாங்கியாகிவிட்டது.

எனக்குப் புரியாதது இதுதான். இதே அக்கா என் எதிரில் உட்கார்ந்து நடு ஸ்தாயியில் மெதுவாகப் பாடும்போது கரகரப்பு பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. ஹம்மிங் செய்யும்போது இன்னும் சுத்தமாக இருக்கிறது. பாடி முடித்து “அடுத்த வகுப்பு எப்போ வச்சுக்கலாம்?” என்று கேட்டால் அந்தப் பழைய குரல் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதே தொண்டைதானே, ஒரு நிமிடம்கூட ஆகவில்லையே, எப்படி இப்படி மாறுகிறது? அப்படியானால் பாட்டுப் பயிற்சியையே சிகிச்சையாக எடுத்துக்கொள்ளலாமா? நான் எதைச் செய்யலாம், எதில் கைவைக்கக் கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேடைக்குரல்:

நல்ல கேள்வி. என் அபிப்பிராயம், தாராளமாகச் செய்யலாம். ஹம்மிங்கைக் கூட்டுங்கள், அகார சாதகம், அதாவது “ஆ” என்று நீட்டிப் பாடும் பயிற்சி, தினமும் செய்யச் சொல்லுங்கள், விடியற்காலையில் மந்திர ஸ்தாயியில் (கீழ் ஸ்வரங்களில்) நீளமாக நிற்கப் பழக்குங்கள். பாடுகிற குரல் திருந்திவிட்டால் பேசுகிற குரல் பின்னாலேயே வந்துவிடும். மூச்சும் சுருதியும் சேர்ந்துவிட்டால் தொண்டைக்கு ஏது கஷ்டம்?

மத்யமம்:

டீச்சர், உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. நான் ஸ்பீச் தெரபிஸ்ட், குரல் கோளாறு உள்ளவர்களைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் சின்ன வயதிலிருந்து பாட்டு கற்றவள். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டுப் பயிற்சி சிகிச்சை ஆகுமா என்று கேட்டீர்கள். ஏற்கெனவே ஆகித்தான் இருக்கிறது. அந்த அக்கா தெரபிஸ்டிடம் போய்வந்து என்ன செய்தார்கள் என்று சொல்லும்போது நீங்களே பாதியை அடையாளம் கண்டுகொள்வீர்கள். ஜோசஃப் ஸ்டெம்பிள் என்ற அமெரிக்கக் குரல் சிகிச்சை நிபுணர் வகுத்த குரல் இயக்கப் பயிற்சிகளைப் பாருங்கள். “இ” என்ற ஒலியை ஒரே ஸ்வரத்தில், மிக மெல்லிய குரலில், மூச்சு உள்ளவரை பிடிக்க வேண்டும். பிறகு கீழிருந்து மேலே ஒரு வழுக்கல், மேலிருந்து கீழே ஒரு வழுக்கல். கடைசியாக அடுத்தடுத்த ஐந்து ஸ்வரங்களில் ஒவ்வொன்றாக நிற்க வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு தடவை, காலையும் மாலையும். இதைப் பாட்டு வகுப்புக்கு வெளியே நின்று கேட்பவர் பாட்டுப் பாடம் என்றுதான் நினைப்பார்.

இது வெறும் நம்பிக்கையும் இல்லை. 2001-இல் நெல்சன் ராய் குழுவினர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். குரல் கோளாறு இருந்த 58 ஆசிரியர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கத்தாதீர்கள், தண்ணீர் குடியுங்கள் என்கிற மாதிரியான குரல் பராமரிப்பு அறிவுரை. இன்னொரு பிரிவுக்கு ஸ்டெம்பிள் பயிற்சிகள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, குரலால் அன்றாட வாழ்க்கையில் படும் சிரமம் தெளிவாகக் குறைந்திருந்தது பயிற்சி செய்தவர்களுக்குத்தான். அறிவுரை மட்டும் கேட்டவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. “தொண்டையை ஜாக்கிரதையாப் பார்த்துக்குங்க” என்று சொல்லி அனுப்பப்படும் எத்தனையோ ஆசிரியர்களை நினைத்தால் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

இன்னொன்று, இந்த உறவு புதிதும் இல்லை. உயிருள்ள மனிதரின் குரல் நாண்கள் ஒலியெழுப்பும்போது எப்படி அசைகின்றன என்று ஒழுங்காகப் பார்த்து எழுதிவைத்தவர் மனுவேல் கார்சியா, ஒரு பாட்டு வாத்தியார். 1854-இல் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை உள்ளே திருப்பித் தன் குரல்வளையைத் தானே பார்த்தார். அடுத்த வருடம் அவருடைய குறிப்புகள் லண்டன் ராயல் சொசைட்டி முன் வைக்கப்பட்டன. அந்த அக்காவின் தொண்டைக்குள் போன கேமராவுக்கு மூதாதை அந்தக் கண்ணாடிதான்.

சரி, பாடும்போது ஏன் தெளிகிறது? பாட்டில் மூச்சு முன்கூட்டியே எடுக்கப்படுகிறது. உயிர் எழுத்து நீள்கிறது. சுருதியில் நிற்க வேண்டும் என்பதால் காது குரலைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. பேச்சில் இது எதுவும் இல்லை. பேச ஆரம்பித்ததும் கழுத்தும் தாடையும் வகுப்பறையில் பழகிய இறுக்கத்துக்குத் தாமாகவே போய்விடுகின்றன. அந்த இறுக்கம் பேச்சு என்கிற செயலோடு கட்டுண்டு கிடக்கிறது. பாட்டு வேறு செயல் என்பதால் அங்கே அது வருவதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாடும்போது குரல் தெளிகிறது என்பதை மட்டும் வைத்துத் தசை இறுக்கம்தான் என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா என்று ஒன்று இருக்கிறது. நரம்பு சம்பந்தப்பட்டது. பேசும்போது குரல் நெரிபட்டு வெட்டி வெட்டி வரும். அவர்களிலும் பலருக்குப் பாடும்போது குரல் நன்றாக வரும். அதற்கு முக்கியமான சிகிச்சை குரல் நாண் தசையில் போடும் போட்யூலினம் ஊசி. வெறும் பயிற்சியால் அது போகாது. உங்கள் அக்காவுக்கு முதலிலேயே கேமரா வைத்துப் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் உங்கள் பதிவில் எனக்கு நிம்மதி தந்த வரி.

மேடைக்குரல் சாரின் கருத்துக்கு வருகிறேன். பாடுகிற குரல் திருந்தினால் பேச்சு பின்னாலேயே வரும் என்கிறார். என் அனுபவத்தில் அப்படித் தானாக வருவதில்லை. மேடையில் மணிக்கணக்கில் அழகாகப் பாடிவிட்டு, பேசும்போது தொண்டையை நெரித்துக்கொண்டு பேசும் பாடகர்கள் என்னிடம் வருகிறார்கள். பேசும் நேரம்தான் நாளில் அதிகம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெண்கள் பேசும்போது குரல் நாண்கள் ஒரு வினாடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. ஒரு மணி நேர வகுப்பில் பாதி நேரம் ஒலி வந்தாலே 3,60,000 மோதல். முடிச்சு வருவது அந்த மோதல் பலமாக விழும் இடத்தில்தான், நாணின் முன் மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், இரண்டு பக்கமும் நேருக்கு நேராக. அரை மணி நேரம் நன்றாகப் பாடிவிட்டு மீதி நாள் முழுக்க இறுக்கிப் பேசினால் அந்த அரை மணி நேரம் எங்கே நிற்கும்?

அதனால் பாட்டில் வந்ததைப் பேச்சுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் சிகிச்சை. நான் அதை எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன்.

முதலில் “ம்ம்ம்” என்று ஒரு ஹம்மிங், அவர்கள் சாதாரணமாகப் பேசும் சுருதிக்குப் பக்கத்தில். உதடு லேசாகத்தான் ஒட்டியிருக்க வேண்டும், உள்ளே பற்கள் விலகியிருக்க வேண்டும். இரண்டு ஆள்காட்டி விரல்களை மூக்கின் பக்கவாட்டில் வைக்கச் சொல்வேன். அங்கே கிணுகிணு என்று அதிர்வு தெரியும். தொண்டையில் எதுவும் தெரியக் கூடாது. அந்த அதிர்வு கிடைத்ததும் “ம்ம்மா, ம்ம்மோ, ம்ம்மீ”. வாய் திறந்த பிறகும் அதிர்வு விரலுக்குத் தெரிய வேண்டும். அடுத்து “மாமா மாலை மணி நாலுக்கு வந்தார்” போன்ற ஒரு வாக்கியம், எல்லா எழுத்தும் ஒரே ஸ்வரத்தில், ஒப்பிக்கிற மாதிரி. மெல்லினம் நிறைய வரும்படி வாக்கியம் அமைக்கத் தமிழில் கஷ்டமே இல்லை. பிறகு அதே வாக்கியம் பாதி ஒப்பிப்பு, பாதி பேச்சு. பிறகு முழுப் பேச்சு.

பெரும்பாலோர் சறுக்குவது இந்தக் கடைசிப் படியில்தான். ஒப்பிக்கும்போது மணியாக வந்த குரல், “இப்போ சாதாரணமாச் சொல்லுங்க” என்றதும் தொண்டைக்குள் இறங்கிவிடும். உடனே ஒரு படி பின்னால் போய் ஒப்பிப்போம், திரும்ப வருவோம். போகிற வேகத்தை நோயாளிதான் தீர்மானிக்கிறார். பேச்சில் நின்றுவிட்டால் அப்புறம் கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வைப்பேன், வகுப்பறை இரைச்சலை ஓடவிட்டுப் பேச வைப்பேன், கடைசியில் என்னைத் திட்டச் சொல்வேன். கோபம் வந்தால் பழைய இறுக்கம் வரும் என்பதால் அதையும் பழகித்தான் ஆக வேண்டும்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு தனிப் பாடம் வைத்திருக்கிறேன். வகுப்பில் அவர்கள் அதிகம் உரக்கச் சொல்லும் சொற்களை எழுதிவரச் சொல்வேன். எழுது, எடு, எழுந்திரு, உட்காரு, இங்கே பார், அமைதி. எல்லாமே உயிரெழுத்தில் தொடங்குகின்றன. இறுக்கத்தில் இருப்பவர் உயிரெழுத்தைத் தொடங்கும்போது குரல் நாண்களை இறுக மூடிவைத்துப் பட்டென்று உடைத்துத் திறக்கிறார். உங்கள் வகுப்பில் அகாரம் தொடங்கும்போது அடித்துத் தொடங்காதே, மூச்சோடு சேர்த்து எடு என்று சொல்லிக்கொடுக்கிறீர்கள் அல்லவா, அது அப்படியே “உட்காரு” என்பதற்கும் பொருந்தும். இந்த ஒரு விஷயத்தில் தெரபிஸ்டைவிட நல்ல பாட்டு டீச்சரின் காது கூர்மை.

ஸ்ட்ராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள். ஸ்ட்ராவுக்குள் “ஊ” என்று ஒலி விடும்போது வாயில் சேரும் அழுத்தம் பின்னால் குரல்வளை வரைக்கும் போய், நாண்கள் கொஞ்சம் விலகியே அதிர உதவுகிறது. ஒலி வருகிறது, மோதல் மென்மையாகிறது. உதட்டைப் புர்ர் என்று அதிரவிடுவதும் இதே தத்துவம்தான். பின்லாந்தில் 1960-களிலேயே ஆன்டி சோவியார்வி கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து ஊதிக் குரல் எழுப்பும் முறையைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் இங்கோ டிட்சே என்ற குரல் விஞ்ஞானி ஸ்ட்ரா பயிற்சிக்கு இயற்பியல் விளக்கம் கொடுத்துப் பரவலாக்கினார். தண்ணீரில் செய்தால் முனை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மூழ்கினால் போதும். குமிழி ஒரே சீராக வர வேண்டும். கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்தால் நிறுத்திவிட வேண்டும்.

நீங்கள் தொடக் கூடாதவை: தார ஸ்தாயியில் (மேல் ஸ்வரங்களில்) உரக்கப் பாடுவது, மந்திரத்தில் அழுத்தி நீளமாக நிற்பது, வலித்தாலும் தொடர்வது. விடியற்காலை மந்திர சாதகத்தை இவருக்கு நான் கட்டாயம் வேண்டாம் என்பேன். கீழே போகப் போக இவர் தொண்டையை அழுத்தித்தான் அந்த ஸ்வரத்தைத் தொடுவார். பேச்சுக்குரல் எந்தச் சுருதியில் இருக்க வேண்டும் என்பதையும் நீங்கள் நிர்ணயிக்காதீர்கள், தெரபிஸ்ட் பார்க்கட்டும். கத்தும்போதோ இருமும்போதோ திடீரென்று குரல் போய்விட்டால் எந்தப் பயிற்சியும் கிடையாது. நாணில் இரத்தக் கசிவாக இருக்கலாம், பேசாமல் இருந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கணக்கு வாத்தியார்:

மத்யமம் மேடம் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு நடந்தது. எனக்கும் தசை இறுக்கம்தான், முடிச்சு இல்லை. எண்கள் சொல்லும்போதுதான் குரல் அதிகமாக உடைந்தது. என் தெரபிஸ்ட் அதைக் கவனித்து ஒரு வழி சொன்னார். ஒன்று, இரண்டு என்று தொடங்காதீர்கள், மூன்று, நான்கு என்று தொடங்குங்கள் என்றார். ஒன்று முதல் பத்துவரை சொல்லிப் பாருங்கள், மூன்றும் நான்கும் பத்தும் தவிர மற்ற எல்லாம் உயிரெழுத்துதான். “ம்ம்மூன்று, ந்நான்கு” என்று அந்த அதிர்வில் பழகியபிறகு, அதே மூச்சில் “ஐந்து, ஆறு” என்று வழுக்கிப் போகச் சொன்னார். ஐந்தில் பட்டென்று வெட்டினால் திரும்பவும் மூன்று. இப்படித்தான் எனக்கு எண்கள் திரும்பக் கிடைத்தன.

இன்னொன்று, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவதை விட்டேன். எழுதும்போது எழுத்து, திரும்பி நின்றபின் பேச்சு. வகுப்புக்கு வகுப்பு நடுவில் ஆசிரியர் அறையில் பாட்டிலில் ஸ்ட்ரா போட்டு ஊதுவேன். முதலில் சக ஆசிரியர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள், இப்போது இரண்டு பேர் கூடச் சேர்ந்துகொள்கிறார்கள். வீட்டில் காலையில் செய்ததைவிட இந்த நடுநடுவே செய்தது எனக்கு அதிகம் உதவியது என்றே நினைக்கிறேன்.

மேடைக்குரல்:

மத்யமம் அவர்களுக்கு நன்றி. மந்திர ஸ்தாயி விஷயத்தில் நீங்கள் சொன்ன காரணம் ஏற்கும்படி இருக்கிறது. கூடவே ஒரு சந்தேகம். என் அண்ணன் மகனுக்குப் பதினேழு வயது. மகரக்கட்டு உடைகிற வயது தாண்டியும் குரல் சின்னப் பிள்ளை மாதிரியே இருக்கிறது. பையன் பேசவே கூச்சப்படுகிறான். இதற்கும் பாட்டில் வழி உண்டா?

மத்யமம்:

உண்டு சார், இது பெரும்பாலும் நன்றாகவே சரியாகிற கோளாறு. முதலில் மருத்துவரிடம் காட்டிக் குரல்வளை வளர்ச்சி சரியாக இருக்கிறதா, ஹார்மோன் குறைபாடு ஏதும் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். எல்லாம் சரி என்றால் பையனிடம் ஆண்குரல் ஏற்கெனவே இருக்கிறது, அவன் அதை எடுக்கவில்லை அவ்வளவுதான். இருமச் சொன்னால் அந்த இருமலிலேயே கனத்த குரல் எட்டிப் பார்க்கும். அந்த ஒலியைப் பிடித்து “ஆ” என்று நீட்ட வைப்போம். மேலிருந்து கீழே வழுக்கி இறங்க வைப்போம். குரல்வளையை விரலால் மெதுவாகக் கீழே இறக்கிப் பிடிப்பதும் உண்டு, அதைத் தெரபிஸ்ட்தான் செய்ய வேண்டும். குரல் சீக்கிரமே கிடைத்துவிடும். ஆனால் அந்தக் குரலோடு நண்பர்கள் முன்னால் போய் நிற்கத்தான் பையனுக்குத் தைரியம் வேண்டும். வீட்டில் யாரும் கேலி செய்யாமல், “அட, குரல் மாறிடுச்சே” என்று பெரிதாகக் கொண்டாடவும் செய்யாமல், சாதாரணமாகப் பேசுங்கள்.

பாட்டு டீச்சர்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு கடைசிக் கேள்வி. சிகிச்சை நடக்கும்போது என் வகுப்பை நிறுத்திவிடலாமா, தொடரலாமா? பாட்டை நிறுத்தச் சொன்னால் அந்த அக்கா மனம் உடைந்துபோவார். வாரம் முழுக்கப் பேசிப் பேசிக் களைத்தவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் ஆறுதல்.

மத்யமம்:

தெரபிஸ்ட் வேண்டாம் என்று சொல்லாதவரை தொடருங்கள். ஆனால் வகுப்பின் வடிவத்தை மாற்றுங்கள். குரல் களைத்த மாலையில் வைக்காமல் விடுமுறை நாள் காலையில் வையுங்கள். நடு ஸ்தாயி, மெல்லிய குரல், பாடும் நேரத்தைவிடக் கேட்கும் நேரம் அதிகம். பாடி முடித்ததும் அவரை அப்படியே எழுந்து போகவிடாதீர்கள். கடைசியாகப் பாடிய ஸ்வரத்திலேயே “ம்ம்ம்” என்று நிற்க வைத்து, அதிலிருந்து பேச்சுக்கு இறக்கி, அடுத்த வகுப்பு எப்போ என்ற அந்தக் கேள்வியை ஒப்பித்துவிட்டுப் பிறகு பேச வையுங்கள். “அடுத்த” என்பதும் உயிரெழுத்துதான், அதில் இடித்தால் நிறுத்தித் திரும்பச் சொல்ல வையுங்கள். அவர் சம்மதித்தால் இந்த இடத்தைப் போனில் பதிவு செய்து தெரபிஸ்டிடம் கொடுத்தனுப்புங்கள். பாட்டிலிருந்து பேச்சுக்கு மாறும் அந்தச் சில வினாடிகளை எங்கள் அறையில் வரவழைக்க ரொம்ப மெனக்கெட வேண்டும். உங்கள் வகுப்பில் அது தானாக நடக்கிறது.

இன்னொன்று, முதல் தடவை அவர் தெரபிஸ்டிடம் போகும்போது முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். வகுப்பில் என்ன பாட வைக்கிறீர்கள், எந்தச் சுருதியில் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

பாட்டு டீச்சர்:

கண்டிப்பாகப் போகிறேன். அக்காவிடம் இப்போதுதான் பேசினேன். வகுப்பை ஞாயிறு காலைக்கு மாற்றிக்கொண்டோம், பதிவு செய்யவும் சம்மதித்துவிட்டார். வகுப்பில் அடிக்கடி சொல்லும் சொற்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். தெரபிஸ்டைப் பார்த்துவிட்டு வந்து என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுகிறேன்.